உட்காரத்தானே நாற்காலி!

சென்ற மாதம் சரஸ்வதிபுரத்தில் ஒரு பழைய வீட்டை இடிக்குமுன் சாமான்களை வாசலில் எடுத்து வைத்திருந்தார்கள். அவற்றுள் 1950-60களில் செய்த கை வைத்த தேக்கு நாற்காலிகள் இரண்டு. இருக்கையில் பிரம்பு அறுந்து தொங்கியது. வீட்டுக்காரர் நம் சங்கத்து அன்பர். "எடைக்குப் போட்டுவிடலாம் சார்" என்றார். மகனின் புது ஃபிளாட்டுக்கு அதே மோஸ்தரில் நாற்காலி வாங்கப் பல ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்திருப்பதாகவும் அவரே சொன்னார்!

இந்த வேடிக்கை சண்டிகரில் பெரிய அளவிலேயே நடந்தது. 1950களில் அந்நகரம் எழுந்தபோது, லெ கார்புசியரின் உறவினரான பியர் ஜான்னரே என்ற கட்டடக் கலைஞர், அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கும் பிரம்பும் கொண்ட எளிய நாற்காலிகளை வடிவமைத்தார். உள்ளூர்த் தச்சர்கள் ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார்கள். பிற்காலத்தில் அவை உடைந்த சாமான்களாக ஏலம் போயின. வியாபாரிகள் வாங்கிச் செப்பனிட்டு, வெளிநாட்டு ஏலங்களில் ஒவ்வொன்றையும் லட்சக்கணக்கில் விற்றார்கள். 2011-ல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் குறுக்கிட்டு அந்த விற்பனைக்குத் தடை போட்டது. பிறர் விலை சொன்ன பிறகே நம் பொருளின் அருமை நமக்குத் தெரிகிறது.

ரயில்வேயில் பல்லாண்டு பழுது பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பிரித்துச் சேர்க்க முடிந்ததே நல்ல வேலை. பழைய நாற்காலியில் துளையும் கழுந்துமாக மூட்டுகள் இருக்கும். வச்சிரப் பசை சூட்டிலும் ஈரத்திலும் இளகும். மூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி இறுக்கலாம். இன்றைய மரத்தூள் பலகையில் திருகாணி ஒருமுறை பிடி விட்டால் விட்டதுதான்.

"மூட்டைப்பூச்சி வருமே" என்று வீட்டில் ஆட்சேபணை எழும். நியாயந்தான். பழைய பிரம்பை முழுதும் அகற்றி, துளைகளைத் துடைத்து, சட்டத்தை நல்ல வெயிலில் காயவைத்தால் அந்தக் கவலை பெரும்பாலும் தீரும். உளுத்துப்போன மரத்தைக் கட்டி அழச் சொல்லவில்லை. உறுதியான மரத்துக்கு உப்புத்தாளும் அரக்கு மெருகும் போதும். வர்ணம் பூசித் தேக்கின் ரேகையை மறைக்காதீர்கள். பிரம்புக்குப் பதில் பிளாஸ்டிக் ஒயரும் வேண்டாம்.

பிரம்பை ஏன் வலியுறுத்துகிறேன்? காற்றோட்டம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதைப் பின்னும் கைகள். நாடெங்கும் பார்வையற்றோர் பள்ளிகளில் பிரம்பு பின்னுவதைத் தொழிலாகக் கற்பித்தார்கள். அரசு அலுவலகங்களின் நாற்காலிகளைப் பின்னிப் பலர் மானத்தோடு குடும்பம் நடத்தினார்கள். நெகிழி நாற்காலி வந்தது, வேலை குறைந்தது. விரல் நுனியால் துளையை எண்ணிப் பின்னும் அந்த வித்தை, வேலை கொடுப்பார் இல்லையென்றால் ஒரு தலைமுறையில் மறைந்துவிடும்.

மைசூர் ரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்கள் அழகாக நிற்கின்றன, ஓடுவதில்லை. எஞ்சினுக்கு அது ஓய்வு. நாற்காலிக்கு அந்தக் கதி வேண்டாம். பழமையை மூலையில் காட்சிக்கு வைப்பது மரியாதை ஆகாது. கூடத்தில் போட்டு, பேரப்பிள்ளைகள் ஏறி உட்காரட்டும்.

அந்த இரண்டு நாற்காலிகளும் இப்போது என் வீட்டு வராந்தாவில் இருக்கின்றன. ஒன்றைப் பின்னியாகிவிட்டது. மற்றதை அந்த அன்பரே கேட்கிறார். கூலியை அவர் கொடுப்பதாக இருந்தால் தரத் தயார்!

உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள்.