சுடுதண்ணீர்த் தாங்கிக்குள் இருக்கும் கம்பி

மன்னார்த் தீவில் சுடுதண்ணீர் ஹீற்றர் யாருக்குத் தேவை என்று கேட்பவர்கள் உண்டு. சித்திரை மாத நண்பகலில் மேல் தாங்கியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் ஹீற்றர் விற்பனையாகவே செய்கிறது. 2009க்குப் பின் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து வீடு கட்டியவர்கள், வளைகுடாவில் உழைத்துவிட்டு வந்தவர்கள், வங்காலைக்குப் பறவை பார்க்க வருவோருக்கு அறை வாடகைக்கு விடுபவர்கள், வயோதிபப் பெற்றோரை வைத்திருப்பவர்கள் எனப் பலரும் வாங்குகின்றனர். பெட்டியைக் கொடுத்துக் காசை எண்ணியதோடு கொடுக்கல் வாங்கல் முடிந்தது என நமது ஹார்ட்வெயார் வியாபாரிகள் சிலர் எண்ணுகின்றனர். இது சரியல்ல.

நமது தண்ணீரின் குணம் வேறு. தீவின் மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது கணக்கு. மோட்டர் போட்டு அளவுமீறி இறைத்தால் உப்பு மேலேறும். கிணற்று நீரில் சுண்ணாம்பும் கலந்திருந்தால் சூடாக்கும்போது அது பிரிந்து, கேத்தலின் அடியில் படிவதுபோல் ஹீற்றரின் கொயிலில் படியும். சூடு தண்ணீருக்குப் போகாமல் கொயிலிலேயே தங்க, அது எரிந்துபோகும். உப்பு தன் பங்குக்குத் தாங்கியை அரிக்கும்.

இதற்காகத்தான் எனாமல் பூசிய இரும்புத் தாங்கிகளுக்குள் மக்னீசியக் கம்பி ஒன்றைப் பொருத்தி அனுப்புகிறார்கள். இரும்புக்குப் பதிலாக அந்தக் கம்பி கரையும். பேசாலையில் அவுட்போர்ட் மோட்டர் வைத்திருப்போருக்கு இது புதிதல்ல; மோட்டரில் உள்ள துத்தநாகக் கட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி 1824ல் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்கக் கண்ட வழி இது. கம்பி கரைந்து முடிந்தால் அடுத்தது தாங்கிதான். நமது தண்ணீருக்கு வருடம் ஒரு முறையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் பயமில்லை என்று சொல்லி விற்பதும் தவறு. உப்பு நீர் சூடேறும்போது அதிலும் ஊசித் துளை விழும். 304 ரகத்தை விட 316 ரகம்தான் தாக்குப்பிடிக்கும்.

லண்டனில் இருக்கும் உறவினர், தம் வீட்டு ஹீற்றிங்கில் துருவைத் தடுக்கும் மருந்து ஊற்றுவதாகச் சொல்லக்கூடும். அங்கே அறையைச் சூடாக்க, மூடிய குழாய்களுக்குள் ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது. அதிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துவிட்டால் அரிப்பும் குறையும். மருந்தும் உள்ளேயே தங்கும். நமது ஹீற்றரிலோ புதுத் தண்ணீர் தினமும் புது ஒட்சிசனோடும் உப்போடும் வருகிறது. அதில்தான் குளிக்கிறோம். அந்த மருந்து இங்கே உதவாது.

குழாய் வேலை செய்யும் பாஸ்மாரும் கவனிக்க வேண்டிய விடயங்கள் உண்டு. செம்புக் குழாய்க்குப் பின்னால் கல்வனைஸ் பைப்பைப் பூட்டினால், செம்பைக் கடந்து வரும் தண்ணீர் அதைத் தின்றுவிடும். இதைவிட ஆபத்தானது, பாதுகாப்பு வோல்வ் சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடுவது. தெர்மோஸ்டாட் பழுதானால் உள்ளே ஏறும் அழுத்தத்துக்கு வேறு வழியில்லை, தாங்கி வெடிக்கும். சுண்ணாம்பு அடைத்த வோல்வை மாற்றத்தான் வேண்டும்.

கம்பியை மாற்றாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பல கம்பனிகள் அட்டையில் பொடி எழுத்து ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். வாங்குபவர் அதைப் படிப்பதில்லை. படித்துச் சொல்ல வேண்டியவர் விற்பவரே. வீட்டில் கிணற்றுத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று முதலில் கேட்க வேண்டும். பில்லின் பின்புறம் கம்பி பார்க்க வேண்டிய திகதியை எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பியையும் கடையில் வைத்திருக்க வேண்டும். இடமில்லை என்று சொல்ல முடியாது. அது விளக்குமாற்றுக் கம்பை விடச் சிறியது, தாங்கியின் விலையில் சிறு பங்குக்கே கிடைப்பது.