சின்னப் பிள்ளைக்கு என்ன விளங்கப்போகுது?

“சின்னப் பிள்ளைக்கு என்ன விளங்கப்போகுது? வெயிலுக்க கொண்டுபோய் அலைக்காதேங்கோ.” பிள்ளையளைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறம் என்று சொன்னால் வீட்டில முதல் வாற பதில் இதுதான். எங்கட பதில்: சின்ன வயதிலதான் கூட்டிக்கொண்டு போகவேணும். ஆறாம் ஆண்டில வரலாறு ஒரு பாடமாக வந்து சேர்ந்திடும். அதுக்குப் பிறகு ஒல்லாந்தர் என்றால் சோதனைக் கேள்வி மட்டும்தான்.

போன வருசம் ஐந்து வயதும் ஏழு வயதுமாக இரண்டு பேரை யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். போர்த்துக்கேயர் கட்டினது, 1658 இல் ஒல்லாந்தர் பிடிச்சுப் பிறகு ஐந்து மூலையாக மாத்திக் கட்டினது என்று நாங்கள் தொடங்க, ஒருத்தரும் கேக்கேல்ல. சின்னவள் சுவரைத் தடவிப் பாத்திட்டு, “இது கடல்ல கிடக்கிற கல்லெல்லோ?” என்றாள். உண்மைதான், அது முருகைக்கல். எத்தனையோ தரம் அந்தச் சுவருக்குப் பக்கத்தில நிண்டு போட்டோ எடுத்த நாங்கள் அதைக் கவனிச்சதே இல்லை.

பிறகு உள்ளுக்குள்ள, ஒல்லாந்தர் தேவாலயம் இருந்த இடத்தில கற்குவியலைக் கண்டதும் பெரியவன் கேட்டான்: “இதை ஆர் உடைச்சது?”

எங்களில ஒராள் டக்கெண்டு சொன்னார்: “பழசாகி விழுந்திட்டுது.”

அது பொய். 1990 இல கோட்டையைச் சுற்றி முற்றுகையும் சண்டையும் நடந்தது. போரிலதான் அந்தத் தேவாலயம் அழிஞ்சது. பிள்ளைக்கு விளங்காது என்று நாங்கள் சொல்லுறது உண்மையில பிள்ளையைப் பற்றியே இல்லை. எங்களுக்குச் சொல்லத் தெரியேல்ல, அவ்வளவுதான்.

கந்தரோடையிலயும் இதே கதைதான். வட்ட வட்டமான அந்தச் சின்னத் தூபிகளைப் பாத்து “இது ஆற்றை?” என்று பிள்ளை கேட்டால், “அது அவையின்ர, வா போவம்” என்று பெரிய ஆக்கள் கையைப் பிடிச்சு இழுக்கினம். தமிழரிலயும் ஒரு காலம் பௌத்தர்கள் இருந்தவை. மணிமேகலை தமிழில எழுதின பௌத்தக் காப்பியம். இதை ஒரு பிள்ளைக்கு இரண்டு வசனத்தில சொல்லலாம். சொல்லாமல் விட்டால், எங்கட மண்ணில இருக்கிற ஒரு இடத்தை நாங்களே பிள்ளைக்கு அந்நியமாக்கிறம். அதேபோல பொலன்னறுவைக்குப் போற சிங்களப் பிள்ளையளுக்கும் சோழர் கட்டின இரண்டாம் சிவாலயத்தின்ர சுவரில இருக்கிற தமிழ் எழுத்தை ஆராவது காட்டவேணும். இரண்டு பக்கமும் மறைச்சுக் காட்டி வளர்ந்த ஆக்கள்தானே நாங்கள்.

அதுக்காக ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போரை முழுசாக இறக்கி வைக்கச் சொல்லேல்ல. கேட்டதுக்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் சொன்னால் போதும். “இங்க சண்டை நடந்தது. அதில உடைஞ்சது. நிறையப் பேர் செத்தும் போச்சினம்.” இவ்வளவும் உண்மை. இதில ஆரையும் வெறுக்கப் பழக்கவும் இல்லை.

மற்றது, ஒரு நாளில ஐந்து இடம் வேண்டாம். ஒரு இடம், ஒரு மணித்தியாலம், வெயில் தாழ்ந்தாப் பிறகு, ஒரு தண்ணிப் போத்தல். திரும்பி வந்து “என்ன படிச்சனி?” என்று சோதனை வைக்காதேங்கோ.

இதை அம்மா அப்பாமாரிட்ட மட்டும் விடவும் ஏலாது. அந்தச் சண்டைக்குள்ள வாழ்ந்தவைக்குக் கோட்டை வாசலுக்குப் போறதே பாரமாக இருக்கலாம். சித்தி, மாமா, அக்கா, அண்ணா என்று இருக்கிற நாங்கள்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்.

அடுத்த மாதம் திரும்பவும் போனோம். பெரியவனிட்ட, “அண்டைக்குச் சொன்னது பிழை, அது சண்டையில உடைஞ்சது” என்று சொன்னோம். அவன் அழேல்ல, பயப்படேல்ல. “அப்ப நீங்கள் எங்க இருந்தனீங்கள்?” என்று கேட்டான். நாங்கள் அப்ப பிறக்கேல்ல, அம்மம்மாட்டக் கேள் என்றோம்.

வீட்டுக்கு வந்து கேட்டான். அம்மம்மா சொன்னா. அவ சொன்னதில பாதி எங்களுக்கே புதுசு. இவ்வளவு காலமும் நாங்கள் அவவிட்ட ஒருக்காலும் கேட்டதில்லை.