வடவெல்லையில் பகை எதற்கு?

வடவெல்லைப் பூசலை இன்னும் நெஞ்சில் கனலவிட்டிருப்போர் நம்முள் உளர். மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் போராடினர், தொண்டர் பலர் சிறைபுக்கனர். படாசுகர் பரிந்துரையின்வழி 1960 ஏப்பிரல் முதல் நாளில் திருத்தணியும் பள்ளிப்பட்டும் தாய்நிலத்தோடு இணைந்தன. சித்தூரும் திருப்பதியும் போயின. அவ்விழப்பின் நோவு மெய்யானது. அதனை மறக்குமாறு எவர்க்கும் சொல்லோம்.

ஆயினும், அந்நோவைப் பள்ளிப்பட்டில் தறியின்முன் அமர்ந்திருக்கும் தெலுங்கு நெசவாளியின் தலையில் கட்டுவது எவ்வகை அறம்? ‘மதராசு மனதே’ என்று அன்று முழங்கியவன் இவனல்லன். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகின்றான். நூல் விலை ஏறினால் அவன் தறியும் நம் தறியும் ஒருங்கே நிற்கின்றன. ஆந்திரத்துக் கிருட்டிணாபுரம் அணை திறக்கப்பட்டுக் கொற்றலையாறு பெருகுங்கால், கரையில் தவிப்போர் இரு மொழியினருமே. முன்னோர் செய்த பிழையை இவன்மேல் ஏற்றாது பொறுத்தலால் நம் உரிமையில் எள்ளளவும் குறையாது.

தமிழ்நாட்டில் தமிழே ஆளவேண்டும்; அதில் ஐயமில்லை. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தைத் தளர்த்தவும் வேண்டா. தெலுங்குப் பிள்ளையும் தமிழ் கற்கட்டும். உடன் தன் தாய்மொழியையும் கற்கட்டும். (தாய்மொழியை இழந்தவன் நம் மொழியையா போற்றப் போகின்றான்?) சித்தூர்த் தமிழ்ப்பிள்ளைக்குத் தமிழ் வகுப்புக் கேட்கும் நாம், பள்ளிப்பட்டில் தெலுங்கு வகுப்பை மூடச் சொன்னால், அங்கே நம் குரலுக்கு எவன் செவிசாய்ப்பான்?

எல்லையூர்த் தோழர்களே! வரும் பொங்கலன்று அண்டைத் தெலுங்கர் குடும்பத்தை இல்லத்திற்கு அழையுங்கள். அவர்தம் உகாதிக்கு நீங்களும் செல்லுங்கள். பின்னர், இருபுறத்துப் பிள்ளைகட்கும் தாய்மொழிக் கல்வி கேட்டு, இரு அரசுகட்கும் அவர்களோடு சேர்ந்தே விண்ணப்பம் எழுதுங்கள்.