தேசிங்கு வழியா, களஞ்சிய வழியா?

ஐ.டி. வேலையை விட்டுவிட்டு டெக்னாலஜி பற்றி எழுதுகிறேன் என்று சென்னையில் சொன்னால், 'சூப்பர் பாஸ்' என்பார்கள். செஞ்சியில் சொன்னால், 'தூக்கிட்டாங்களாப்பா?' என்பார்கள். கொஞ்சம் நாகரிகமானவர்கள், 'உடம்பு இப்ப தேவலையா?' என்று விசாரிப்பார்கள். பெண் வீட்டார் எதுவும் கேட்பதில்லை. ஜாதகம் மட்டும் திரும்பி வரும்.

ஆனாலும் வாரத்துக்கு இரண்டு பேராவது, 'சார், கோடு அடிச்சு அலுத்துப் போச்சு. நானும் பேப்பர் போட்டுட்டு எழுத வந்துடலாமா?' என்று கேட்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் எங்கள் ஊர்க் கோட்டையைக் காட்டித்தான் பதில் சொல்கிறேன்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்தக் கோட்டையில் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று தேசிங்கு ராஜா. 1714-ல் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்து, சொற்ப ஆட்களோடு குதிரையேறிப் போனார். போனவர் போனவர்தான். பாட்டு மிச்சம். இன்னொன்று சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம். 1690-ல் முகலாயப் படை வந்து வளைத்துக்கொண்டது. கோட்டை விழுந்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் தப்பித்துப் போய்விட்டார். முகலாயத் தளபதிகளின் உள்சண்டையும் ஒரு காரணம்தான். ஆனால் உள்ளே நெற்களஞ்சியமும் மலை மேல் சுனையும் இல்லாமல் எட்டு வருஷம் ஓடியிருக்குமா?

பேப்பர் போட நினைக்கும் தம்பிகள் எல்லாரும் தேசிங்குதான். குதிரை ரெடி. களஞ்சியம்?

கணக்குப் பார்ப்போம். பி.எஃப்.பில் நீங்கள் 12 சதவிகிதம் போட்டால் கம்பெனியும் 12 போடுகிறது. நாளை முதல் அந்த இரண்டாவது 12 கிடையாது. அப்பா அம்மாவுக்கும் சேர்த்துக் கம்பெனி எடுத்திருந்த மருத்துவ இன்ஷூரன்ஸ் கிடையாது. ஒண்ணாம் தேதி என்பது காலண்டரில் மட்டும் வரும். எழுதிக் கொடுத்த கட்டுரைக்கு, 'அக்கவுண்ட்ஸ்ல இருக்கு சார்' என்று பதில் வரும். அது ஏதோ வெளிநாடு மாதிரி, போனது திரும்புவதில்லை.

இதற்கு ஒரு கேடயம் இருக்கிறது. பலருக்குத் தெரியாது. உத்யம் பதிவு என்று ஒன்று, காசு செலவில்லை. பதிவு செய்த குறுந்தொழில்காரருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2006-ம் வருஷத்துச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி. அந்தச் சட்டத்தை மரியாதையாக ஒரு வரியில் ஞாபகப்படுத்தினால், அக்கவுண்ட்ஸுக்குச் சட்டென்று உயிர் வரும்.

இந்தத் தொழிலில் பெரியவர்கள் யாரும் குதிரையேறியவர்கள் இல்லை. 1891-ல் பிறந்த பெ.நா. அப்புசாமி தமிழில் விஞ்ஞானம் எழுதிய முன்னோடி, தொழிலால் வக்கீல். சுஜாதா, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் ஓட்டுப்பதிவு இயந்திரம் உருவான வேலையில் இருந்தபடியேதான் ஊரையே படிக்க வைத்தார். பகலில் களஞ்சியம், ராத்திரியில் பேனா.

'சரி, ஏ.ஐ.யே எழுதிடாதா?' என்பது அடுத்த கேள்வி. எழுதும். எனக்கு வரும் வேலையிலேயே பாதி, இயந்திரம் எழுதியதைச் சரிபார்ப்பதுதான். கூலியும் அதற்கேற்ற மாதிரிதான். அப்புறம் எதற்கு மனுஷன் என்றால், எங்கள் பக்கத்துத் தெரு அண்ணனைத்தான் சொல்ல வேண்டும்.

மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை போட்டுவிட்டுக் காத்திருந்தவருக்கு ஒரு போன். 'உங்களுக்குப் பணம் வரணும். நாங்க அனுப்பற கட்டத்தை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க.' கையில் செல்லோடு என்னிடம் வந்தார். ஒரு வருஷத்து மகசூல் பணம் அந்தக் கணக்கில் இருந்தது. யு.பி.ஐ. பாதுகாப்பு பற்றி நான் எழுதிய ஆயிரத்து இருநூறு வார்த்தைக் கட்டுரை அச்சாகி ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. அதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.

"பணம் வர்றதுக்குப் பின் தேவையே இல்லண்ணே. நம்ம கணக்குலேர்ந்து வெளிய போறதுக்குத்தான் பின்..."

அவர் யோசித்தார். "அப்ப உண்டியல் மாதிரின்னு சொல்லு தம்பி. காசு போட சாவி எதுக்கு? எடுக்கத்தானே சாவி? அப்ப இவன் திருட்டுப்பய!"

போனை வைத்துவிட்டு, 1930-க்குப் புகார் சொல்ல நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். என் ஆயிரத்து இருநூறு வார்த்தையும் அவருடைய ஒரு உண்டியலுக்கு ஈடாகாது. அப்புறம் கமிட்டியில் நாலு பேரிடம் அதை அவரே சொல்லிவிட்டார். எனக்கு ராயல்டி இல்லை, அவருக்கும்தான்.

டெக்னாலஜி எழுத்து என்பது இவ்வளவுதான். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்வதில்லை. தெரியாதவன் எந்த இடத்தில் பயப்படுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது.

ஆகவே தம்பிகளே, குதிரையை அவிழ்ப்பதற்கு முன்னால் இரண்டு காரியம். ஒரு வருஷச் செலவுக்குப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அதுவரை தினம் ராத்திரி ஒரு பக்கம் எழுதி, கம்ப்யூட்டர் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் 'நல்லா இருக்குப்பா' என்றால் கிழித்துப் போடுங்கள். 'இன்னாபா இது, ஒண்ணும் புரியல' என்று சண்டைக்கு வந்தால் விடாதீர்கள், உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கு எடிட்டர் கிடைத்துவிட்டார்.