கொழுந்துக் கூடையும் அச்சடித்த சட்டையும்

"இவனும் கடை விரித்துவிட்டானா?" கண்டிப் பக்கத்து இளைஞன் ஒருவன் தன் காணொளியின் முடிவில் ஒரு பொதி தேயிலையையோ, தன் அலைவரிசையின் பெயர் அச்சடித்த சட்டை ஒன்றையோ தூக்கிக் காட்டி, "வேண்டியவர்கள் கீழேயுள்ள இலக்கத்துக்கு எழுதுங்கள்" என்று சொன்னால் போதும், முதலில் எழுகின்ற குரல் இதுதான். அதுவரை அவனைத் தம்பி என்றும் செல்லம் என்றும் அழைத்தவர்களே, அவன் காசு என்ற சொல்லை உச்சரித்த கணத்தில் அவனை வியாபாரி ஆக்கிவிடுகிறார்கள்.

இந்தக் குரலோடு எனக்குச் சண்டை உண்டு. அதே வேளை, கடை விரிக்கின்ற அந்த இளைஞனோடும் எனக்குச் சண்டை உண்டு. இரண்டையும் ஒன்றாகவே தீர்த்துவிடுகிறேன்.

முதலில் கேலி செய்பவர்களுக்கு. இலவசமாகப் பார்ப்பதற்கு யாரோ ஒருவர் எங்கேயோ பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது பால பாடம். நாளிதழின் விலை அதன் தாளுக்கும் மைக்கும்கூடப் போதாது. மீதியைக் கட்டியவர் விளம்பரதாரர். கட்டியவரின் கை ஆசிரியர் பீடம் வரை நீளும் என்பதும், சில செய்திகள் அச்சுக்குப் போகாமலே இறந்துபோகும் என்பதும் அத்தொழிலில் இருந்த எவருக்கும் தெரியாத இரகசியமன்று. யூடியூப் நடத்துபவனின் நிலையும் அதுவே. நீண்ட காணொளிகளில் ஓடும் விளம்பர வருவாயில் 55 வீதத்தை நிறுவனம் அவனுக்குத் தருகிறது. எந்த விளம்பரம், எவ்வளவு தொகை, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் கலிபோர்னியாவில் தீர்மானமாகிறது. அடுத்த வழி, உள்ளூர்க் கடைக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு அவருடைய சரக்கைப் புகழ்வது. இந்த இரண்டிலும் பார்க்க, தன் சரக்கைத் தானே, தன்னைப் பார்க்கிறவனிடம் நேரே விற்பது நேர்மையானது. அதில் எசமான் ஒருவனே, வாங்குபவன்.

இது நமக்குப் புதிய வழியுமன்று. மலையகத்தில் கேமராவுக்கு வெகுகாலம் முன்பே இது நடந்திருக்கிறது. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். அந்தப் பாடல்கள் 1940 இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறுநூலாக அச்சேறின. அவருக்குப் பின்னும் தோட்டப்புற நகரங்களில் சம்பள நாட்களிலும் சந்தை நாட்களிலும் நின்று பாடி, பாடியதைச் சில சதங்களுக்குத் துண்டுப் பிரசுரமாக விற்ற பாடகர்கள் இருந்தார்கள். பாட்டைக் கேட்பதற்குக் காசில்லை. தாளை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பியவர் வாங்கினார். இன்று 'மேர்ச்சண்டைஸ்' என்று பெரிய சொல்லாகச் சொல்லப்படுவது இதுதான். அன்று அவர்களை யாரும் வியாபாரி என்று இகழவில்லை. ஏனெனில் அவர்கள் விற்றது அவர்களுடைய சொந்தச் சரக்கு. அவர்களுடைய தொண்டையிலிருந்து வந்தது.

என் இரண்டாவது சண்டை இங்கேதான் தொடங்குகிறது. தம்பி, நீ விற்பது எது?

பெரும்பாலும் ஒரு ரீ-சேர்ட், ஒரு கோப்பை, ஒரு தொப்பி. அவற்றின் மேல் உன் அலைவரிசையின் இலச்சினை. 2018 ஜூனில் யூடியூப் 'டீஸ்பிரிங்' என்ற அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து காணொளிக்குக் கீழேயே சரக்குத் தட்டு ஒன்றை அமைத்துக் கொடுத்தது. தொடக்கத்தில் பத்தாயிரம் சந்தாதாரருக்கு மேல் உள்ளவர்களுக்கே அந்தத் தட்டு கிடைத்தது. லத்வியாவில் 2013 இல் தோன்றிய 'பிரின்ட்ஃபுல்' போன்ற நிறுவனங்களும் இதே தொழிலில் வளர்ந்தன. முறை எளிது. நீ ஒரு படத்தை ஏற்றுகிறாய். யாராவது வாங்கினால் அவர்கள் துணியெடுத்து, அச்சடித்து, பொதிகட்டி அனுப்புகிறார்கள். அடக்க விலையைக் கழித்துக்கொண்டு மீதியை உனக்குத் தருகிறார்கள். முதலீடு இல்லை, கையிருப்பு இல்லை, நட்டமும் இல்லை. ஆகவே இது கெட்டிக்காரத்தனம் என்று சொல்லித் தருகிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார். உதாரணத்துக்கு, சட்டை 25 டொலர் என்று வைத்துக்கொள். துணிக்கும் அச்சுக்கும் 14 டொலர் போனால், கட்டணங்கள் கழிந்து உன் கைக்கு வருவது ஒன்பதோ பத்தோ. அதில் ஒரு சதமேனும் உன் ஊரில் வேறு எவருக்கும் போகவில்லை. கண்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் பல்லேகலையில் கைத்தொழில் வலயம் இருக்கிறது. இந்தத் தீவு ஆண்டுக்கு 400 கோடி டொலருக்கு மேல் ஆடை ஏற்றுமதி செய்கிறது. உலகத்துப் பெரிய வணிகப் பெயர்களுக்கெல்லாம் நம் பெண்களின் விரல்கள் தைத்துக் கொடுக்கின்றன. அப்படியிருக்க, கண்டிப் பையனின் சட்டை ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ அச்சாகி டொரொன்டோவுக்குப் போகிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்கக் கூடாது என்பார்கள். இங்கே கொல்லனே வெளியூரில் ஊசி வாங்குகிறான்.

சட்டை எங்கே அச்சாகிறது என்பதைக்கூட மன்னித்துவிடலாம். அதன் மேல் என்ன அச்சாகிறது என்பதைத்தான் மன்னிக்க இயலவில்லை. மலையகக் காணொளிகளின் பெயரில் வரும் சரக்கில் திரும்பத் திரும்ப வருவது ஒரே படம். முதுகில் கூடை, நெற்றியில் கயிறு, பச்சைச் சரிவில் ஒரு பெண்.

இந்தப் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1890 இல் கிளாஸ்கோவின் மளிகை வியாபாரி தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர் எவருமின்றித் தோட்டத்திலிருந்து நேரே உங்கள் தேநீர்க் கேத்தலுக்கு என்று அவர் விளம்பரம் செய்தார். அந்த விளம்பரங்களிலும் தேயிலைத் தகரப் பேணிகளிலும் கூடையோடு நின்றவள் நம் தமிழ்ப் பெண். லிப்டன் 'சேர்' பட்டம் பெற்றார். உலகப் பணக்காரர்களில் ஒருவரானார். அந்தப் பெண்ணின் பெயரை எந்தப் பேணியும் சொல்லவில்லை. தன் உழைப்பால் ஒரு முறையும் தன் உருவத்தால் இன்னொரு முறையுமாக அவள் இருமுறை விற்கப்பட்டாள். முதலாவதற்குச் சில சதங்கள் கிடைத்தன. இரண்டாவதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

அதை வெள்ளைக்காரன் செய்தான், சுரண்டல் என்றோம். இன்று அவளுடைய பேரன் கேமராவோடு வருகிறான். ஹேவாஹெட்டையிலோ கலஹாவிலோ தெல்தோட்டையிலோ மலைச்சரிவில் நின்று அவளை எடுக்கிறான். கேட்டானா? பெரும்பாலும் இல்லை. கேட்டிருந்தாலும், "அம்மா, இந்தப் பக்கம் பாருங்கள்" என்பதைக் கேட்பது என்று கொள்ள முடியாது. லயத்து அறைக்குள் நுழைந்து, ஒழுகும் கூரையையும் காலியான அரிசிப் பானையையும் காட்டி, ஒரு பொதி உலருணவைக் கொடுத்து, அழும் முகத்தை அண்மைக் காட்சியில் நிறுத்துகின்ற உதவிக் காணொளிகளும் இதில் சேர்த்தி. பின்பு அந்த முகமே சட்டைக்கும் நாட்காட்டிக்கும் சித்திரமாகிறது.

2024 செப்டெம்பரில் பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயமானது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில், வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து அது 1,750 ரூபாவாகும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த உயர்ந்த தொகையை வைத்துப் பார்த்தாலும், மேலே சொன்ன 25 டொலர்ச் சட்டை அவளுக்கு நான்கு நாள் கூலிக்கு மேல். தன் உருவம் பொறித்த சட்டையை அவள் வாங்கி அணிய வேண்டுமானால் நான்கு நாள் மலையேற வேண்டும். இதைப் பெருமை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

என் கோரிக்கை பெரிதன்று. எவருடைய முகம் சரக்கின் மேல் இருக்கிறதோ, அவரிடம் அவருடைய மொழியில் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்கு. ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்கு ஒரு பங்கு எழுது. பிள்ளைகளின் முகத்தை விற்காதே. இந்த மூன்றையும் செய்ய முடியாதவனுக்கு லிப்டனைத் திட்டும் உரிமை கிடையாது.

பிறர் உருவத்தை மதிக்காதவர்கள் தம் பெயரையும் காப்பதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. சீனத்தின் சிச்சுவான் மாகாணத்துப் பெண் லீ சீச்சியின் கதையை எல்லோரும் படிக்க வேண்டும். பாட்டியோடு கிராமத்தில் சமைத்து, நெய்து, நட்டு அவர் எடுத்த காணொளிகளுக்கு 2021 தொடக்கத்தில் யூடியூபில் 1 கோடி 40 இலட்சம் சந்தாதாரர்; சீன மொழி அலைவரிசைகளில் அது கின்னஸ் சாதனை. அவர் பெயரில் 2018 முதல் உணவுப் பொருட்கள் விற்பனைக்கு வந்தன. நத்தைச் சாறு நூடில்ஸ் அமோகமாக விற்றது. ஆனால் அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்தில் பெரும்பங்கு அவரிடம் இல்லை. அவரை வளர்த்துவிட்ட ஹாங்சோ நிறுவனத்திடம் இருந்தது. 2021 ஜூலைக்குப் பின் அவர் காணொளி வெளியிடவில்லை. வழக்கு நடந்தது, 2022 டிசெம்பரில் இணக்கம் ஏற்பட்டது, மறுபடி அவர் திரையில் தோன்றியது 2024 நவம்பரில். சொந்தப் பெயருக்காக மூன்றாண்டுக்கு மேற்பட்ட மௌனம்.

நம் பையன்களிடம் கேட்டால், "அண்ணன் ஒருவர் பார்த்துக்கொள்கிறார்" என்பார்கள். அந்த அண்ணன் யார், அலைவரிசை யாருடைய மின்னஞ்சலில் திறந்திருக்கிறது, இலச்சினை யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதற்குப் பதில் இராது. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். இலச்சினையை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ்க் கொழும்பில் பதியலாம். பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பிக்கவும் முடியும். சட்டை அச்சடிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

அப்படியானால் எதை விற்பது? கண்டியில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே வெட்கப்பட வேண்டும். தும்பறைப் பாய் நெசவை யுனெஸ்கோ 2021 இல் மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. நெய்பவர்கள் சில குடும்பங்களே. பிலிமத்தலாவையில் பித்தளை வார்க்கிறார்கள். மாத்தளைப் பக்கம் மிளகும் சாதிக்காயும் ஏலமும் விளைகின்றன. தேயிலையோ வாசலில். காணொளியில் நீ ஒரு நெசவாளியின் கையைப் பத்து நிமிடம் காட்டிவிட்டு, அந்தக் கை நெய்த பாயையே விற்றால், உன் காணொளியே அந்தப் பொருளின் சான்றிதழ் ஆகும். இலச்சினைச் சட்டைக்கு அந்தப் பலம் ஒருநாளும் வராது. கைவினைஞர் பெயரைப் பொருளின் மேல் எழுது. அவருக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு என்பதை வெளியே சொல். தேயிலை விற்பதானால் ஒன்றை மறவாதே: வாளேந்திய சிங்க முத்திரை இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. நூற்றுக்கு நூறு இலங்கைத் தேயிலையாய், இங்கேயே பொதி செய்யப்பட்டதாய் இருந்தாலன்றி அதைப் பொறிக்க இயலாது. கண்ட படத்தை இணையத்தில் எடுத்து ஒட்டுவது குற்றம்.

ஐம்பது பொருளோடு தொடங்கு. முன்கூட்டியே பதிந்தவர்களுக்கு மட்டும் செய்வி. தொல்லை வருவது பணத்திலும் தபாலிலும்தான். இலங்கையிலிருந்து பேபால் மூலம் பணம் அனுப்ப முடிந்தும் பெற முடியாமல் பல்லாண்டு தவித்த தலைமுறை இது. தபால் பக்கமும் கதவுகள் ஒடுங்கிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் சிறு பொதிகளுக்கும் வரி விதித்தது. 800 டொலர் வரையான பொதிகளுக்கு அமெரிக்கா அளித்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29 உடன் முடிந்தது. ஆகவே ஒவ்வொரு வாங்குநருக்கும் தனித்தனியே அனுப்புவதை விட, ஒரு நகருக்கு ஒரு பெட்டியாக அனுப்பி, அங்குள்ள தமிழ்க் கடையொன்றின் வழியே பிரித்துக் கொடுப்பது மேல்.

இறுதியாக, கடல் கடந்து இதை வாசிப்பவர்களுக்கு. இலண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேர்னிலும் இருந்து நீங்கள் அனுப்புகின்ற இதயக் குறிகளால் இங்கே அடுப்பு எரியாது. உங்கள் பார்வை எண்ணிக்கையால் வளர்வது அலைவரிசை மட்டுமே. காசு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். காசு கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் செய்தவர் யார்? இதில் இருக்கும் முகம் யாருடையது? அவர்களுக்கு எவ்வளவு போகிறது? பதில் சொல்பவனிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். பதிலில்லாதவன் எவ்வளவு இனிமையாக "உறவுகளே" என்று அழைத்தாலும் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

பேணியின் மேல் நின்ற அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்க அன்று வாங்கியவர்கள் எவருக்கும் தோன்றவில்லை. வாங்குபவர்கள் இன்று நாம். நமக்குத் தோன்ற வேண்டும்.