அவையில் ஆடினோர்

அரசவைக் காலத்தை நினைவூட்டும் ஆடலும் கவியும் கலந்த மாலை விழாக்கள் கல்லூரி மண்டபங்களிலும் நகர அரங்குகளிலும் நிகழ்கின்றன. அவற்றைக் கண்டு நாமும் களிக்கின்றோம். ஆயினும் ஒரு குறையைக் கூறாதிருத்தல் இயலவில்லை. மன்னனும் புலவனும் மேடையில் போற்றப்பெறுகின்றனர். ஆடிய பெண்டிரோ பெயரிலராய் மறைகின்றனர்.

தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னரைப் (1798–1832) பாட்டுடைத் தலைவராகக் கொண்டு சிவக்கொழுந்து தேசிகர் இயற்றியது சரபேந்திர பூபாலக் குறவஞ்சி. அது பெரிய கோயிலில் திருவிழாக் காலத்தில் ஆடப்பெற்று வந்தது. மன்னர் பெயர் நூலின் பெயரிலேயே நிற்கின்றது. புலவர் பெயரும் நிலைத்தது. ஏட்டுக் கவியைத் தம் அடவாலும் அபிநயத்தாலும் உயிர்ப்பித்த மகளிரை நம்மில் எத்துணைப் பேர் நினைக்கின்றோம்?

அக்கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன் இவ்வாறு மறந்தானல்லன். ஆடல் மகளிராகிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களையும், அவர்தம் மனைகளையும், ஒவ்வொருவர்க்கும் ஆண்டுதோறும் அளக்க வேண்டிய 100 கலம் நெல்லையும் அங்கேயே கல்லில் வெட்டுவித்தான்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் தடுத்தது. அத்தடை வேண்டியதே. ஆயினும், வழக்கம் ஒழிந்ததென்று கலையைக் காத்தவர்களையும் மறந்துவிடுதல் அறமாகுமோ? அவர்தம் ஆடலை ஏற்றுக்கொண்டு, அவர்தம் பெயரைக் கூற நாணுதல் நன்றியன்று.

ஆதலின் மாணவ நண்பர்களுக்கு எமது வேண்டுகோள் இது: இனி இத்தகைய விழா எடுப்பின், நிகழ்ச்சி நிரலில் மன்னர் பெயருக்கு அருகே, அக்கலையை வழிவழியாகக் காத்த மகளிரையும் ஒரு வரியிலேனும் குறிப்பிடுக. கல்லில் இடம்பெற்ற பெயர்களுக்குக் காகிதத்தில் இடமில்லாமற் போகலாமா?