ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ல வீடு வாங்கப் போறீங்களா? பத்திரம் பதிவானா மட்டும் போதாது... ஏன் தெரியுமா?

"பத்திரம் பதிஞ்சாச்சு, இனி வீடு நம்மளோடது." வீடு வாங்கும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் விற்றவருக்கே அந்த வீட்டில் முழு உரிமை இல்லையென்றால், பதிவான பத்திரம் கையில் இருந்தாலும் வாங்கியவருக்கு முழு உரிமை வராது. இதை யார் சரிபார்க்க வேண்டும்? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

சொத்தின் முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்ற விதி 2022-ல் சேர்க்கப்பட்டது. அதில் பதிவை மறுக்க வழிசெய்த பகுதியை 2025 ஏப்ரல் 7 அன்று நீதிபதிகள் அபய் எஸ்.ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது சார்பதிவாளரின் வேலை இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். அதே மாதம், அசல் ஆவணத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2025 நவம்பரில் பீகார் வழக்கு ஒன்றிலும், பதிவு என்பது வேறு, உரிமை என்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

சுருக்கமா சொன்னா, பதிவு அலுவலகம் பேப்பரைப் பார்க்கும். "இவர்தான் உண்மையான ஓனர்" என்று உங்களுக்கு உத்தரவாதம் தராது.

அப்போ யார்தான் செக் பண்ணுவாங்க?

இங்கிலாந்தில் வீடு வாங்கினால், சொத்து மாற்றத்துக்கென்றே ஒரு வழக்கறிஞர் இருப்பார். ஆவணங்களை ஆராய்வது, பணத்தை ஒப்படைப்பது, பதிவு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. அங்கே நிலப் பதிவேட்டின் உரிமைக்கு அரசே உத்தரவாதம் தருகிறது. நம்ம ஊரில் அப்படி இல்லை.

இங்கே பத்திர எழுத்தர் பத்திரத்தை எழுதித் தருவார். சொத்தின் வரலாற்றை ஆராய்வது அவர் வேலை இல்லை. வங்கிக் கடன் வாங்கினால் வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பார். ஆனால் அவர் பார்ப்பது வங்கியின் கடன் பத்திரமா இருக்குமா என்பதைத்தான். புரோக்கருக்கு வீடு கைமாறினால்தான் கமிஷன். ஆக, உங்களுக்காக மட்டும் பார்க்கிற ஒரே ஆள், நீங்கள் கட்டணம் கொடுத்து வைக்கும் வழக்கறிஞர்தான். அவரிடம் வாய்மொழியாகக் கேட்காமல், எழுத்துப்பூர்வமாக 'லீகல் ஒப்பீனியன்' வாங்குங்கள்.

வில்லங்கம் சுத்தமா இருக்கு, பட்டாவும் இருக்கு... போதாதா?

போதாது. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதிவாகாத உயில், விடுபட்ட வாரிசு இதெல்லாம் தெரியாது. நீதிமன்ற வழக்கும் பெரும்பாலும் அதில் வராது. வழக்கு நடக்கும்போது வாங்கினால், தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும். சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 52 சொல்வது இதுதான். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கும், சொத்து இருக்கும் பகுதிக்கான மற்ற நீதிமன்றங்களிலும் விற்பவர் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். நகராட்சிப் பகுதியில் பழைய சர்வே எண் வேறு, நகர சர்வே எண் வேறு. இரண்டு எண்ணிலும் வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். குறைந்தது 30 வருடத்துக்குப் பார்ப்பது நல்லது. பட்டா என்பது வருவாய்த்துறை ஆவணம். அது மட்டுமே உரிமைக்கு இறுதி ஆதாரம் ஆகாது. தாய்ப் பத்திரத்தில் இருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்பதே முக்கியம்.

பூர்வீக வீடு என்றால்?

இங்கேதான் சிக்கல் அதிகம். "பொண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு, அவளுக்குப் பங்கு இல்ல" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இந்து குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், அவரது தாய் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு சம உரிமை உண்டு என 2005 சட்டத்திருத்தம் சொன்னது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வாரிசுச் சான்றிதழில் உள்ள அனைவரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பதிவான விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். மைனர் வாரிசின் தனிப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை.

பவர் ஏஜென்ட் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யவில்லையா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

இந்த ஊர்களில் தனியாகக் கவனிக்க வேண்டியது

ஸ்ரீவில்லிபுத்தூர் கோவில் நகரம். இப்படிப்பட்ட ஊர்களில் கட்டடம் ஒருவருக்கு, அடிமனை கோவிலுக்கு என்று இருக்க வாய்ப்பு உண்டு. கோவில் நிலத்தை அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விற்றாலும் செல்லாது. பத்திரத்தில் மனையும் சேர்ந்து வருகிறதா, கட்டடம் மட்டுமா என்று வரி வரியாகப் படியுங்கள்.

ராஜபாளையம் புறநகரில் மனையோ புது வீடோ வாங்கினால், லேஅவுட் அனுமதி எண் அல்லது வரன்முறை உத்தரவைக் கேளுங்கள். திருமங்கலம் - ராஜபாளையம் நான்கு வழிச்சாலை போன்ற திட்டங்களுக்கு அந்த சர்வே எண் எடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அட்வான்ஸ் எப்போ கொடுக்கலாம்?

வழக்கறிஞர் கருத்து வந்த பிறகு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது கட்டாயம். ஒப்பந்தத்தால் மட்டும் சொத்து உங்களுக்கு வராது. விற்பவர் இழுத்தடித்தால், ஒப்பந்தத்தில் குறித்த தேதியில் இருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது. வங்கி வழியாகவே கொடுங்கள்.

பதிவுச் செலவு எவ்வளவு?

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1% சலுகை உண்டு.

வீட்டுக்குச் சுவர் எப்படி, தண்ணி வருதா என்று நாலு தடவை போய்ப் பார்க்கிறோம். பத்திரத்தையும் அதே மாதிரி பார்க்க வேண்டும். வழக்கறிஞர் 'இந்தக் காகிதம் குறையுது' என்று சொன்னால், அது கிடைக்கும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள். "இன்னைக்கே அட்வான்ஸ் போடலன்னா வேற ஆள் ரெடியா இருக்கு" என்று அவசரப்படுத்தினால், அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பார்ப்பதே நல்லது.